நண்பருக்குப் பதிலாக வாங்கிய டிஸ்க்

அவரை எல்லாரும் மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். வீடுகளில் ஓடும் தண்ணீர் மீட்டர்களைக் கழற்றிக் கொண்டுவந்து, அவை உண்மை சொல்கின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. நீளமான இரும்பு மேசை. அதன்மேல் வரிசையாக எட்டு மீட்டர். ஒரு முனையில் குழாயைத் திறந்தால் மறுமுனையில் சரியாக நூறு லிட்டர் பிடிக்கும் தொட்டி. தொட்டியில் நூறு விழுந்திருக்கும்போது மீட்டர் நூற்றைந்து காட்டினால் பொய். தொண்ணூற்றைந்து காட்டினாலும் பொய்தான். அந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்பது அவர் கவலை இல்லை. பொய் சொன்ன மீட்டரின் கழுத்தில் சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்.

முப்பத்தோரு வருடம் இதையே செய்தவருக்கு மனிதர்களோடு பழகுவதில் சில சங்கடங்கள் இருந்தன. அலுவலகத்தில் ஒருவர் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போனை நீட்டி, "என் பொண்ணு பாடியிருக்கா சார், கேட்டுப் பாருங்க" என்றார். மீட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "ரெண்டாவது வரியில சுருதி இறங்குது. கடைசியில இன்னும் இறங்குது" என்றார். குழந்தைக்கு ஏழு வயது. மறுநாளிலிருந்து அந்த அப்பா வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். மீட்டர்காரர் இதைக் கவனிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். கவனித்தார். காரணம்தான் புரியவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. "சம்பந்தப் பேச்சு வந்தப்பல்லாம் பொண்ணு வீட்டுக்காரங்க கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்லித் தொலைச்சான்" என்று அவருடைய அக்கா இன்றைக்கும் போனில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அவர் தூங்கினார். இன்னொன்றில் பாட்டுகள் இருந்தன. முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு பாட்டுகள். கேசட்டிலிருந்து, சிடியிலிருந்து, யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிய ஒலிநாடாவிலிருந்து, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவை. ஒவ்வொன்றுக்கும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வருடம், எத்தனை வினாடி என்பதெல்லாம் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கும். புல்லாங்குழல் வாசித்தவர் பெயர் தெரிந்தால் அதுவும். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று இருக்கும். சும்மா விட்டிருக்க மாட்டார். சோதனைக்கூடத்தில் தண்ணீர் இரைச்சலுக்கு மேலே ஹெட்போனில் கேட்பார். பஸ்ஸில் கேட்பார். வீட்டில் சமைக்கும்போது கேட்பார். அந்த வீட்டில் வேறு சத்தம் என்று பார்த்தால் பிரிட்ஜ் ஒன்றுதான்.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி இருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பேரும் எக்ஸ்ரேதான். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவர் என்பதாலோ என்னவோ, யாருக்கும் பயப்படாமல் பேசுவார். பழைய கேசட் கடை மாடியில் மாதத்துக்கு ஒருமுறை பாட்டுப் பைத்தியங்கள் நாலைந்து பேர் கூடுவார்கள், அங்கே பழக்கம். எக்ஸ்ரேக்குப் பாட்டைவிடக் கம்ப்யூட்டர் மேல் கிறுக்கு அதிகம். பாகம் பாகமாக வாங்கித் தானே ஒன்றைப் பூட்டியபோது, அதன் முகப்பில் இருந்த நீல நிற யுஎஸ்பி ஓட்டையைப் பற்றி மட்டும் அந்த மாடியில் ஒரு மணி நேரம் பேசினார். "கறுப்புல சொருகினா மாட்டு வண்டி. நீலத்துல சொருகினா ரயிலு. எட்டு மடங்குய்யா! கண் இருக்கறவன் கறுப்புல சொருக மாட்டான்."

இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வருடத்துக்கு ஒருநாள், உன் பாட்டு முழுவதற்கும் ஒரு பிரதி என்னிடம், என்னுடையதற்கு ஒரு பிரதி உன்னிடம். ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் இன்னொருவர் வீட்டில் பாட்டு இருக்கும். இதற்கு நட்பு என்று பெயர் வைக்க இருவருக்குமே கூச்சம். பாதுகாப்பு ஏற்பாடு என்றார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அது முறிந்தது. அந்த வருடத்துப் பிரதிகளை மாற்றிக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு பழைய ஜோடிப் பாட்டு. தொடங்குமுன் பன்னிரண்டு வினாடி ஒரு பெண்குரல் ஹம்மிங் வரும். பாட்டைப் பாடிய அம்மாதான் அதையும் பாடினார் என்பது மீட்டர்காரர் கட்சி.

"அது அந்த அம்மா இல்லய்யா. கோரஸ்ல நின்ன ஏதோ ஒரு பொண்ணு. மூச்சு எடுக்கற இடத்தைக் கேளு" என்றார் எக்ஸ்ரே.

"எனக்கும் கேக்குது. அதே மூச்சுதான்."

"இருபது வருஷமா தண்ணியிலயே உக்காந்து உன் காது ஊறிப் போச்சு. அதைக் கழட்டி மொதல்ல உன் மேசையில வெச்சு டெஸ்ட் பண்ணு."

மாடியில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மீட்டர்காரர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அன்று சாயங்காலமே, தன்னிடம் இருந்த எக்ஸ்ரேயின் இருபதாயிரம் பாட்டையும் அழித்தார். வெறுமனே அழிப்பது அரைகுறை வேலை என்பதால், திரும்ப எடுக்க முடியாதபடி துடைக்கும் வசதியை அழுத்தி முறைப்படி அழித்தார்.

மறுவாரம் கடைக்குப் போய் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கினார். நண்பருக்குப் பதிலாக. பலவிதத்தில் இது மேல் என்று தோன்றியது. டிஸ்க் எதிர்த்துப் பேசாது. காதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாது. சொன்னதைச் செய்யும்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு இரண்டு டிஸ்க்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொருகி, 'இரண்டையும் ஒன்றுபோல ஆக்கு' என்ற பொத்தானை அழுத்துவார். முதலாவதில் புதிதாக இருப்பது இரண்டாவதுக்குப் போகும். முதலாவதில் இல்லாதது இரண்டாவதிலிருந்து அழிந்து, துடைக்கவும் படும். நடுவில் அது ஒரு கேள்வி கேட்கும்: இத்தனை கோப்புகள் அழிக்கப்படும், சரியா? வழக்கமாக ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒன்பது வருடம் 'சரி' என்று அழுத்தி அழுத்தி, அந்தக் கேள்வியைப் படிப்பதையே அவர் விட்டுவிட்டார். மீட்டரில் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைக்கூட விடாமல் படிப்பவர்!

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் டிஸ்க் உள்ளுக்குள் செத்திருந்தது. வெளியே விளக்கு எரிந்தது, சொருகியதும் பேர் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கேள்வி வந்தது. 'சரி' என்றார். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இரண்டு மணி நேரம் ஓடியது. இன்றைக்கு நன்றாக உழைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதற்குள் நாலு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார். சாப்பிட உட்காருமுன் ஒரு பாட்டைப் போடலாம் என்று திறந்தபோது திரை சொன்னது: இங்கே எதுவும் இல்லை. இரண்டாவதைத் திறந்தார். அதிலும் அதே வாசகம். இரண்டும் ஒன்றுபோல ஆகியிருந்தன. சொன்னதைச் செய்திருந்தது.

எக்ஸ்ரேவாக இருந்தால் "என்னய்யா இது, காலி டப்பாவைக் கொண்டுவந்து காப்பி பண்ணுங்கற?" என்று கேட்டிருப்பார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர்கள் வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொண்டார்.

"மொத டிஸ்க்குல ஊசி தட்டைக் கீறிடுச்சு சார். அது போனது போனதுதான். ரெண்டாவதுல அழிஞ்சதை எப்படியும் எடுத்துடலாம்னு நெனச்சேன். யாரோ அதைத் துடைச்சு வெச்சிருக்காங்க சார். ரொம்ப சுத்தமா."

"நான்தான்."

"ஏன் சார்?"

"அரைகுறையா அழிக்கறது எனக்குப் பிடிக்காது."

கடைக்காரர் இரண்டு டிஸ்க்கையும் அவர் பக்கம் தள்ளினார். "நீங்க கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா காப்பாத்தியிருப்பேன் சார்."

ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே ஆறுதல். "எல்லாம் நெட்லயே இருக்கே சார், எதுக்கு வீட்ல வெச்சுக்கிட்டு?" என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் பெண். அக்கா போனில், "பாட்டுதானே போச்சு? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்டா. ரேடியோவைப் போட்டுக் கேளு" என்றாள். அக்கா சொன்னது ஆறுதலா திட்டா என்பது அக்காவுக்கே தெரியாது.

இன்ஜினியர் பெண் அவர் போனில் ஒரு பாட்டு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். மீட்டர்காரர் பஸ்ஸில் கேட்டார். உருகி உருகி ஒருத்தி பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவன் புகுந்து பனியன் வாங்கச் சொன்னான். அதைப் பொறுத்துக்கொண்டார். பெயர்கள்தான் பொறுக்க முடியவில்லை. எழுதியவர் இடத்தில் இசையமைத்தவர், இசையமைத்தவர் இடத்தில் படக் கம்பெனி. முதல் வாரத்தில் பதினாலு திருத்தம் எழுதி அனுப்பினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதினாலு பதில் வந்தது. ஒன்றும் மாறவில்லை.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அந்த ஜோடிப் பாட்டு வந்தது. பன்னிரண்டு வினாடி ஹம்மிங்கோடு. பாடியவர் யார் என்று போட்டிருக்கிறான் பார்க்கலாம் என்று பார்த்தார். ஓர் ஆண் பெயர் மட்டும் இருந்தது. அந்த அம்மாவும் இல்லை, கோரஸ் பெண்ணும் இல்லை. அந்தப் படத்தில் தபலா வாசித்தவர்.

மீட்டர்காரர் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்து ஸீட்டுக்காரர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தலைதெறிக்க ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய விஷயம். யாரிடம்? உலகத்தில் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரிடமே தன் பாட்டின் பிரதியும் இருந்தது. இருந்தால். தான் செய்ததை அவரும் செய்திருந்தால் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, புதிய டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போன் செய்யவில்லை. போன் என்றால் எடுக்காமல் விட்டுவிட வழி உண்டு. கதவைத் தட்டினால் திறந்த பிறகுதான் யோசிக்க முடியும்.

டயர் கடைக்குப் பின்னால் தரைத்தளத்து வீடு. பெயின்ட் மாறியிருந்தது. கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"மீட்டர்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. எக்ஸ்ரேக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. பனியன் தோளில் தொங்கியது. மேலும் கீழும் பார்த்தார். "ஒன்பது வருஷம் கழிச்சு ரீடிங் எடுக்க வந்திருக்கியா? உள்ள வா."

நாற்காலியின் மேலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு உட்கார இடம் செய்தார். மீட்டர்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எல்லாம் போச்சு."

"எது?"

"பாட்டு."

"ரெண்டு டிஸ்க் வெச்சிருப்பியே, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"ரெண்டுலயும் போச்சு." நடந்ததைச் சொன்னார்.

எக்ஸ்ரே சிரிக்கவில்லை. "ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு. என்னன்னு திரும்பிப் பாக்கலயா?"

"சட்டை தொவச்சேன்."

"நான் இருந்திருந்தா மொத நிமிஷமே வயரைப் புடுங்கியிருப்பேன்."

"தெரியும்."

எக்ஸ்ரே எழுந்து அலமாரியைத் திறந்தார். மாத்திரை அட்டைகளுக்கும் மின்சார ரசீதுகளுக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் டிஸ்க். மேலே ஒட்டிய காகிதத்தில் மீட்டர்காரரின் கையெழுத்தில் தேதி, பாட்டு எண்ணிக்கை: 31,204.

"அழிச்சிருப்பேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"ஏன் அப்படி நெனச்ச?"

மீட்டர்காரர் காகிதத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். வேறு எந்த மனிதனும் இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். "நான் அழிச்சுட்டேன். உன்னோடதை."

"எப்ப?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா?"

"சாயங்காலம்."

எக்ஸ்ரே டின்னின் மூடியைத் திரும்ப மூடினார். அவ்வளவுதான், திரும்ப அலமாரிக்குள் போகப்போகிறது என்று மீட்டர்காரர் நினைத்தார். "ராத்திரி வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டே எக்ஸ்ரே டின்னோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். "புது டிஸ்க்கைக் குடு."

முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டையும் சொருகினார். திரையில் பச்சைக் கோடு தோன்றியது. மீதம்: 6 மணி 10 நிமிடம்.

"ஆறு மணி நேரமா?"

"பழைய டிஸ்க்குய்யா. மெதுவாத்தான் வரும். உனக்கு எங்கயாவது போகணுமா?"

"எங்க போறது?"

"அப்ப உக்காரு." போனை எடுத்து யாரிடமோ, "எப்பவும் போல ஒண்ணு இல்ல, இன்னிக்கு ரெண்டு சாப்பாடு. ஒரு மணிக்குக் கொண்டாந்துடு" என்றார்.

முதல் அரைமணி நேரம் இரண்டு பேரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடத்துப் பேச்சு பாக்கி இருக்கும்போது எதிலிருந்து ஆரம்பிப்பது? கோடு நகர்வதைப் பார்ப்பது மரியாதையான வேலையாக இருந்தது. எக்ஸ்ரே டீ போட்டார். பன் இருந்தது. பன்னைப் பிய்க்கும்போது மீட்டர்காரருக்குத் தான் சொல்ல வந்தது ஞாபகம் வந்தது.

"அந்தப் பாட்டு இருக்கில்ல. ஆப்புல யாரு பேரு போட்டிருக்கான் தெரியுமா?"

"யாரு? உன் ஆளா, என் ஆளா?"

"தபலாக்காரர்."

எக்ஸ்ரேக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி, சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். "தபலாக்காரரா! அந்த மீசையை வெச்சுக்கிட்டு அந்தக் குழைவா!" நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மீட்டர்காரரும் சிரித்தார். பிறகு தன் போனில் பாட்டைப் போட்டார் எக்ஸ்ரே. பன்னிரண்டு வினாடி இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"இப்பவாவது கேட்டுதா? அந்த மூச்சு?"

"கேட்டுது. அதே மூச்சுதான்."

"செவிட்டு மீட்டர்."

இந்த முறை மீட்டர்காரர் பையை எடுக்கவில்லை. இன்னொரு பன்னை எடுத்தார். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததிலே தைரியம் வந்து, எக்ஸ்ரேயின் மனைவியைக் காணோமே என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி எங்க? கடைக்குப் போயிருக்கா?"

எக்ஸ்ரே கப்பைக் கீழே வைத்தார். "அவ செத்து மூணு வருஷம் ஆச்சுய்யா."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"யாரு சொல்லுவா? நான்தான் சொல்லணும். உன் நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். ரொம்ப நேரம். அப்புறம் வெச்சுட்டேன்."

தெருவில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் ஏதோ சொல்வார்கள். மீட்டர்காரரும் அவற்றையெல்லாம் கேட்டிருக்கிறார். எல்லாம் சரியாயிடும். சரியாகுமா என்பது அவருக்குத் தெரியாது. நான் இருக்கேன். ஒன்பது வருடம் இல்லையே. எனக்குப் புரியுது. எங்கே புரிந்தது? ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் பொய்க் கணக்கே காட்டியது. எக்ஸ்ரேயின் முகத்தைப் பார்க்க முடியாமல், திரையைப் பார்த்தார்.

ஓடும் வேகம் வினாடிக்குப் பத்து எம்.பி. காலையிலிருந்து பத்து. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பழைய டிஸ்க் திணறுகிறது என்றால் எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே தடுமாறும். இப்படி ஒரே சீராகப் பத்து என்றால் எங்கேயோ குழாயை இறுக்கி வைத்திருக்கிறது. இது அவர் வேலை. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை. எழுந்து போய்க் குனிந்து பார்த்தார்.

"தப்பாச் சொருகியிருக்கய்யா."

"எது?"

"பழைய டிஸ்க்கு கறுப்புல இருக்கு. நீலம் பக்கத்துலயே சும்மா இருக்கு."

எக்ஸ்ரே அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இருக்கட்டும். ஓடுதில்ல?"

"பத்துல ஓடுது. எண்பதுல ஓட வேண்டியது."

"அந்த நீலம் கொஞ்சம் லூஸு. நடுவுல நின்னாலும் நின்னுடும்."

"பாத்துடலாம்." நிறுத்தி, வயரை உருவி, நீலத்தில் சொருகி, விட்ட இடத்திலிருந்து ஓடச் சொன்னார். கோடு பாய்ந்தது. எண்பது. எண்பத்திரண்டு. மீட்டர்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? லூஸெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னும் அரை மணி நேரம்தான்."

"ம். அரை மணி நேரம்தான்."

அந்த அரை மணி நேரமும் மீட்டர்காரர் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எக்ஸ்ரே டிஸ்க்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை வந்தார். "பாத்துப் போ" என்றார். கதவைச் சாத்தும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் முப்பத்தோராயிரத்து இருநூற்று நாலு பாட்டு. காரியம் சுத்தமாக முடிந்த திருப்தியோடு நாலு நிறுத்தம் போனார். ஐந்தாவது நிறுத்தத்தில் கேசட் கடை மாடி நினைவுக்கு வந்தது. கண் இருக்கறவன் கறுப்புல சொருக மாட்டான். அதைச் சொன்ன ஆள் தெரியாமல் கறுப்பில் சொருகுவாரா? எக்ஸ்ரே படத்தைத் தலைகீழாக மாட்டினாலும் மாட்டுவார், இதைச் செய்ய மாட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் முதுகைக் காட்டிக்கொண்டு சொருகினார். ஆறு மணி நேரம்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். இரண்டு சாப்பாடு வந்திருக்கும்.

இறங்கிவிடலாம் என்று எழுந்தார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டி என்ன சொல்வது? அடுத்த நிறுத்தம் வந்தது. நாலு பேர் ஏறினார்கள். அவர் மறுபடி உட்கார்ந்தார். அன்று வீட்டுக்கு வந்து பாட்டு எதுவும் போடவில்லை. பிரிட்ஜ் ஓடியது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், சோதனைக்கூடத்துக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு எக்ஸ்ரேக்குப் போன் செய்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு."

"நான்தான்."

"தெரியுது. எல்லாம் சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"எண்ணிப் பாத்தியா?"

"முப்பத்தோராயிரத்து இருநூத்தி நாலு. சரியா இருக்கு."

"ஓ." கொஞ்சம் பொறுத்து, "எண்ணிக்கை சரியா இருக்கும்யா. ஆனா சிலது வந்த மாதிரி இருக்கும், திறக்காது. திறந்து பாத்தியா?"

"இன்னும் இல்..." என்று ஆரம்பித்த மீட்டர்காரர் நிறுத்தினார். மறுமுனையில் எக்ஸ்ரே மூச்சு விடுவது கேட்டது. காத்துக்கொண்டிருந்தார். மேசையில் எட்டு மீட்டரும் வரிசையாக இருந்தன. மீட்டர்காரர் அவற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"ஒண்ணு திறக்கல."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்." பிறகு அவசரமாக, "இதுவரைக்கும்" என்றார்.

"நான்தான் சொன்னேனே, அந்த நீலம் லூஸுன்னு."

"ஆமா. லூஸுதான்."

"ஞாயித்துக்கிழமை டிஸ்க்கை எடுத்துட்டு வா, பாக்கலாம். ஒரு மணிக்கு முன்னாடி ஓடிப் போயிடாத. நேத்து வந்ததுல ஒண்ணு மிஞ்சி இன்னிக்கு அதையே தின்னுக்கிட்டிருக்கேன்."

போனை வைத்துவிட்டு மீட்டர்காரர் மூடியிருந்த குழாய்களையே இன்னொரு தரம் மூடினார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் பொய். மாலை வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கைச் சொருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நூறு பாட்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் திறந்தன. சனியன், ஒன்றாவது மக்கர் செய்யக் கூடாதா?

பொய்யை அப்படியே விட்டுவைக்க அவரால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை உண்மையாக்கியாக வேண்டும். ஒரே ஒரு பாட்டைக் கெடுத்துவிட்டால் போதும். சொன்னது சரியாகிவிடும், கூச்சமில்லாமல் கதவைத் தட்டலாம். எதைக் கெடுப்பது என்பதுதான் பாக்கி.

திங்கள் மாலை, தனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்றை எடுத்தார். கெடுக்குமுன் கடைசியாக ஒருதரம் கேட்டுவிடுவோம் என்று போட்டார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் ஒன்று வந்தது; அதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் விட்டார்? அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். அதில் பாட்டு மோசம், ஆனால் எழுதியவர் வேறு எதுவுமே எழுதாமல் போய்ச் சேர்ந்த மனிதர். அதுவும் வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன். வேலை முடிந்து வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்.

சனிக்கிழமை மாலைவரை நூற்றுப் பதினேழு பாட்டு ஆயிற்று. கெடுக்கத் தகுந்தது ஒன்றுகூட அகப்படவில்லை. கீழே தெருவில் யாரோ யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள், அவரை இல்லை. மீட்டர்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நூற்றுப் பதினெட்டாவதைப் போட்டார்.